செங்கமலம் மூன்று நாள் விமானம் ஏறிய கதை

ஒரு காட்டில் விமான நிலையம் ஒன்று இருந்தது. காடு என்றால் சிங்கராஜா இருக்க வேண்டுமே என்பீர்கள். இருந்தார். ஆனால் விமான நிலையம் திறந்த நாளிலிருந்து அவர் காட்டில் தங்கியதே இல்லை.

அந்தக் காட்டின் கிழக்கு ஓரத்தில் செங்கமலம் என்ற முள்ளம்பன்றி வசித்துவந்தாள். அவள் கணவன் தங்கையா கடல் தாண்டிப் பாலைவனத்துப் பேரீச்சந்தோப்பில் வேர் கிளறும் வேலைக்குப் போய் நாலு வருஷம் ஆகிவிட்டது. கெஞ்சிக் கூத்தாடி இந்த வருஷம் லீவு வாங்கியிருந்தான். செவ்வாய், புதன், வியாழன் என்று மூன்றே நாள். அவன் ஊருக்கு வந்து திரும்ப அது பத்தாது. அதனால் செங்கமலத்துக்கு டிக்கெட் எடுத்து அனுப்பினான். "நீ வந்துரு. ஒரு நாள் தவறினா மறுநாள் விமானத்துல இடம் குடுப்பாங்களாம். ஆனா தவற விட்றாதே" என்றான்.

செங்கமலம் தலைக்கு எண்ணெய் வைத்து முட்களைப் படிய வாரினாள். தங்கையாவுக்குப் பிடித்த மாங்காய்த் தொக்கு ஒரு பாட்டில் கிளறி எடுத்துக்கொண்டாள். செவ்வாய்க்கிழமை காலை பஸ்ஸில் ஏறினாள். விமானம் பத்து மணிக்கு. அவள் போய்ச் சேர்ந்தபோது மணி ஆறரை.

பஸ்ஸில் பக்கத்து சீட்டில் ராக்காயி என்ற வெள்ளாடு. அவளுக்கும் அதே விமானம்தான். வழியெல்லாம் ராக்காயி, "அக்கா, ஏரோபிளேன்ல ஜன்னலைத் திறந்து தலையை வெளியே நீட்டலாமா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். அவளுக்கும் அது முதல் பயணம் என்பது இதிலிருந்தே தெரியும்.

சோதனைக் கூடத்தின் வாசலில் புதிதாக மூன்று பலகைகள் தொங்கின. ஒன்றும் தெரியாதவர்கள் எல்லாம் தெரிந்தவர்களை மறிக்கிறார்கள் என்று புகார் வந்ததாம். நிலையத்தின் தலைவரான யானையார் ஏழு கூட்டம் போட்டு, ஏழாவது கூட்டத்தில் வரிசையை மூன்றாகப் பிரித்துவிட்டார். முதல் பலகையில் 'புதியவர்' என்றும், இரண்டாவதில் 'ஓரளவு தெரிந்தவர்' என்றும், மூன்றாவதில் 'பழம் தின்று கொட்டை போட்டவர்' என்றும் எழுதியிருந்தது.

யார் எந்த வரிசை என்று யாரும் கேட்கவில்லை. அவரவர் மனசாட்சிப்படி நிற்க வேண்டியதுதான்.

மூன்றாவது வரிசை வாசலைத் தாண்டி வண்டி நிறுத்தும் இடம்வரை நீண்டிருந்தது. அதில் முதலில் நின்றவை பழந்தின்னி வௌவால்கள். பலகையைப் படித்துவிட்டு, நம்மைத்தான் சொல்கிறார்கள் என்று வந்துவிட்டன. வௌவாலுக்கு எதற்கு விமானம் என்று கேட்காதீர்கள். இரண்டு பெட்டியும் ஒரு கைப்பையும் இருந்தால் யாராலும் சொந்தமாகப் பறக்க முடியாது.

முதல் வரிசையில் ஈ காக்கை இல்லை.

"அக்கா, இங்க வாங்க" என்று ராக்காயி மூன்றாவது வரிசையின் வாலைப் பிடித்துக்கொண்டாள்.

"நமக்குத்தான் ஒண்ணும் தெரியாதே, ராக்காயி."

"தெரியாதுன்னு எழுதிப் போட்ட பக்கம் எவளாச்சும் போவாளா? நாலு பேரு பாக்குற இடம்க்கா."

செங்கமலத்துக்குப் பொய் வராது. தவிர, காலியாக இருக்கும் வரிசை சீக்கிரம் நகரும் என்று நினைத்தாள். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். அவள் முதல் வரிசையில் போய் நின்றாள்.

அங்கே மேசைக்குப் பின்னால் பரிமளம் என்ற கரடி அதிகாரி உட்கார்ந்திருந்தார். செங்கமலத்தைப் பார்த்ததும் அப்படியே எழுந்து நின்றுவிட்டார்.

"வாங்கம்மா, வாங்க! முதல் தடவையா?"

"ஆமாம்மா. எனக்கு ஒண்ணுமே தெரியாது."

பரிமளத்தின் கண் கலங்கிவிட்டது. "பலகை மாட்டிப் பதினோரு நாள் ஆச்சும்மா. இந்தப் பக்கம் ஒரு ஜீவன் வரலை. புதியவங்களுக்குச் சொல்லிக்குடுக்கணும்னு எனக்கு நாப்பது நாள் பயிற்சி குடுத்தாங்க. அத்தனையும் மனசுக்குள்ளயே கிடந்து புழுங்கிட்டு இருக்கு. உக்காருங்க."

நாற்காலி வந்தது. இளநீர் வந்தது. குடித்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும், ஏனென்றால் இளநீரை உள்ளே கொண்டுபோகக் கூடாது. பிறகு பரிமளம் தொண்டையைச் செருமிக்கொண்டு, "பாதுகாப்பு என்றால் என்ன?" என்று ஆரம்பித்தார்.

மணி ஏழே முக்காலுக்குத்தான் தட்டு என்ற பொருள் வந்தது. பையைத் தட்டில் வைக்க வேண்டும். செங்கமலம் வைத்தாள்.

"அருமை! இப்ப எடுத்துட்டு மறுபடி வைங்க. பதட்டம் இல்லாம."

வைத்தாள்.

"இப்பப் பின்னாடி பத்துப் பேர் நின்னு உச்சுக்கொட்டுறாங்கன்னு நினைச்சுக்கிட்டு வைங்க."

செங்கமலம் திரும்பிப் பார்த்தாள். பின்னால் ஒருவருமில்லை. தூரத்தில் மூன்றாவது வரிசை மட்டும் மளமளவென்று கரைந்துகொண்டிருந்தது.

அடுத்து ஒரு படிவம். 'கூர்மையான பொருள்கள் உள்ளனவா? உள்ளன எனில் எத்தனை?' என்று அதில் ஒரு கேள்வி.

"முள்ளுதான் இருக்கு" என்றாள் செங்கமலம்.

"எத்தனை?"

"எண்ணினதில்லையேம்மா."

"பயப்படாதீங்க, நான் எதுக்கு இருக்கேன்?" என்று பரிமளம் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எண்ண ஆரம்பித்தார். நல்ல பொறுமைசாலி. எழுநூற்றுப் பன்னிரண்டில் செங்கமலத்துக்குத் தும்மல் வந்தது. தும்மியதும் முட்கள் சிலிர்த்து இடம் மாறிவிட்டன. பரிமளம் கொஞ்சமும் கோபப்படவில்லை. முதலிலிருந்து எண்ணினார்.

ஒன்பது மணிக்குத் தொக்கு வெளியே வந்தது.

"இது திடமா, திரவமா?" என்றார் பரிமளம்.

"தொக்கும்மா."

விதிப் புத்தகத்தில் தண்ணீர் இருந்தது, எண்ணெய் இருந்தது, மோர்கூட இருந்தது. தொக்கு இல்லை. பரிமளம் யோசித்து, பாட்டிலைத் திறந்து தலைகீழாகப் பிடித்தார். "விழுந்தா திரவம். விழலைன்னா திடம். பார்ப்போம்."

இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தொக்கு விழவுமில்லை, விழாமலும் இல்லை. மெல்ல மெல்ல வாய்ப்பக்கம் வந்து எட்டிப் பார்த்தது. விமானத்துக்குக் கடைசி அழைப்பு ஒலிபெருக்கியில் கேட்டது. "அம்மா, என்னைக் கூப்பிடுறாங்க" என்று செங்கமலம் எழுந்தாள். "அவசரப்பட்டா தப்பு வரும், உக்காருங்க" என்று பரிமளம் அன்போடு தோளை அமுக்கினார். அமுக்கிய கையில் ஏழெட்டு முள் ஏறியது. அதையும் பொறுத்துக்கொண்டார்.

சரியாகப் பத்து மணிக்குத் தொக்கில் பாதி தொப்பென்று மேசையில் விழுந்தது. அதே நேரத்தில் கண்ணாடிக்கு வெளியே விமானம் மேலே கிளம்பியது.

"திரவம்தான்! மிச்சம் இருக்குற பாதி விழலை, அது திடம். அதைத் தாராளமாக் கொண்டுபோகலாம்" என்று பரிமளம் பாட்டிலை மூடிக் கொடுத்தார். கூடவே, 'புதியவர் பயிற்சியில் தேறினார்' என்று ஒரு சான்றிதழும் ஒரு ரோஜாப்பூவும் கொடுத்தார். "அதோ பாருங்க, எவ்வளவு அழகாப் போகுது உங்க விமானம்!"

செங்கமலம் பார்த்தாள். ஒரு ஜன்னலில் ராக்காயியின் தாடி தெரிந்த மாதிரி இருந்தது. பிரமையாகவும் இருக்கலாம்.

தங்கையாவுக்குப் போன் போட்டாள். அவன் அங்கே விமான நிலைய வாசலுக்கு அப்போதே வந்து நின்றிருந்தான்.

"ஏங்க, ஏற முடியலைங்க. எனக்கு எல்லாம் சொல்லிக்குடுத்துட்டாங்க."

"சரி விடு. இன்னும் ரெண்டு நாள் இருக்குல்ல" என்றான். அவன் குரலில் கோபம் இருந்திருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு வலித்திருக்காது.

புதன்கிழமை செங்கமலம் அதைவிட முன்னதாகவே வந்தாள். சான்றிதழ் இருந்ததால் இப்போது அவள் புதியவள் இல்லை. நியாயமாக இரண்டாவது வரிசையில் நின்றாள். அவளுக்கு முன்னால் ஆறே பேர். அரை மணியில் முடிந்துவிடும் என்று நினைத்தாள்.

ஆனால் ஆறு பேருக்கும் ஓரளவு தெரிந்திருந்தது. இடுப்புப் பட்டையைக் கழற்றித் தட்டில் வைக்கணும் என்றது குரங்கு. போன மாசத்திலிருந்து வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள் என்றது நரி. அது வெளிநாட்டுக்கு, இது உள்நாட்டுக்கு என்றது சேவல். தன் மைத்துனர் இதே துறையில் இருப்பதாகச் சொன்னது கீரி. சேவலுக்கு இடுப்பும் இல்லை, பட்டையும் இல்லை. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. சோதனை அதிகாரியான வரையாடு, அவர்கள் முடிவுக்கு வரட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றது. பத்து மணிக்கு எல்லோருமாகச் சேர்ந்து, பட்டை விஷயத்தில் தெளிவு கேட்டு யானையாருக்கு மனு எழுதினார்கள். செங்கமலமும் கையெழுத்துப் போட வேண்டியதாயிற்று. மேலே விமானம் போன சத்தம் கேட்டது. அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அன்றைக்குப் போனில் அழுதுவிட்டாள். "நான் லாயக்கில்லைங்க. உலகமே ஏறிப் போகுது, எனக்கு ஏறத் தெரியலை."

தங்கையா மெதுவாகச் சிரித்தான். "செங்கமலம், நான் முதல் தடவை வந்தப்ப என் முன்னாடி நின்னவன் ஒருத்தன், விமானத்தையே ஓட்டுறவன்னு நினைச்சேன். உள்ளே போனதும் என்கிட்ட வந்து, சீட்டு நம்பர் எங்க இருக்கும்னு கேட்டான். தெரிஞ்சவனுக்கும் தெரியாதவனுக்கும் மூஞ்சிதான் வித்தியாசம். நீ பயந்த மூஞ்சியோட போறே. அதான் பிடிச்சுக்கிறாங்க. சலிச்ச மூஞ்சியோட போ."

"சலிச்ச மூஞ்சின்னா?"

"ரேஷன் கடையில நிப்பியே, அந்த மூஞ்சி."

வியாழக்கிழமை. கடைசி நாள்.

நிலையத்துக்குள் நுழைந்ததுமே மேளச் சத்தம். நடுக்கூடத்தில் யானையார் பரிமளத்துக்குப் பொன்னாடை போர்த்திக்கொண்டிருந்தார். ஒலிபெருக்கியில் அவர் பேச்சு முழங்கியது: "நமது முதல் வரிசையே காட்டின் மிகப் பாதுகாப்பான வரிசை! அந்த வரிசையில் சோதிக்கப்பட்டவர் யாரும் இதுவரை விமானத்தில் சிறு குற்றம்கூடச் செய்ததில்லை!"

எல்லோரும் கைதட்டினார்கள். விமானத்தில் ஏறினால்தானே குற்றம் செய்ய என்று செங்கமலத்துக்குத் தோன்றியது. அதற்குள் பரிமளம் அவளைப் பார்த்துவிட்டார். பொன்னாடையோடு இரண்டு கையையும் விரித்து, "அதோ நம்ம மாணவி! வாங்கம்மா, நேத்து புதுசா ரெண்டு பாடம் சேர்த்திருக்கேன்!" என்று ஓடி வந்தார்.

செங்கமலம் வாழ்நாளில் புலியைக் கண்டு ஓடியிருக்கிறாள். காட்டுத்தீயைக் கண்டு ஓடியிருக்கிறாள். அன்று ஓடிய ஓட்டம் அதையெல்லாம் மிஞ்சியது. ஓடிப் போய் நின்ற இடம் மூன்றாவது வரிசை. மூச்சு வாங்க நின்று, ரேஷன் கடையை நினைத்துக்கொண்டாள். மண்ணெண்ணெய் வரவில்லை, நாளைக்கு வா என்பார்களே, அதை நினைத்தாள். முகம் தானாகத் தொங்கியது. ஒரு கொட்டாவியும் வந்தது.

அவளுக்கு முன்னால் நின்றவர் ஒரு கிழட்டு ஆமை. இருநூறு தடவைக்கு மேல் பறந்தவர். அந்த வரிசைக்கு உண்மையில் உரியவர் அவர் ஒருவர்தான். டிக்கெட் ஒரு கையில், அடையாள அட்டை மறு கையில், பை ஏற்கெனவே தட்டில் என்று எல்லாவற்றையும் எடுத்துவைத்துத் தயாராக நின்றார். சோதனை அதிகாரி நீலகண்டன் என்ற கொக்கு. ஒற்றைக் காலில் நின்றபடி அவரை மேலும் கீழும் பார்த்தது.

"என்ன ஐயா, எல்லாம் இவ்வளவு ஒழுங்கா இருக்கு?"

"பழக்கம்தான்" என்றார் ஆமை.

"இந்த மாதிரி ஒழுங்கா நான் ஒருத்தரையும் பார்த்ததில்லை. சந்தேகமா இருக்கு. ஓட்டைக் கழற்றிட்டு அந்தப் பக்கம் நில்லுங்க."

அடுத்தது செங்கமலம். அவள் சோதனை வளையத்துக்குள் கால் வைத்ததுமே அது கீச்கீச்சென்று அலறியது. அவள் முகத்தை மாற்றவில்லை.

"எத்தனையாவது தடவை?" என்றது கொக்கு.

பொய் சொல்ல வாய் வரவில்லை. "மூணு நாளா தினம் இங்கதான்" என்றாள். சொல்லும்போது இன்னொரு கொட்டாவி வந்துவிட்டது.

"தினமுமா?" கொக்கு தூக்கியிருந்த காலையும் கீழே வைத்து நின்றது. "அடப் பாவமே! வேலை நிமித்தம் அலையுறீங்க போல. போங்கம்மா, போங்க. இந்த வளையம் கிடக்குது, அது எல்லாருக்கும்தான் கத்தும்."

"பையில தொக்கு இருக்கு" என்றாள் செங்கமலம். மனசு கேட்கவில்லை.

"காலையில சாப்பிடக்கூட நேரம் இருந்திருக்காது, பாவம்" என்று கொக்கு வழிவிட்டது.

ஒன்பது மணிக்கே அவள் விமானத்தில் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்த வேகத்தில் சீட்டு மெத்தை புஸ்ஸென்று இறங்கியது. பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து வேறு இடம் பார்த்துக்கொண்டார். மற்றபடி பயணம் சுகம்.

மத்தியானம் இரண்டு மணிக்குப் பாலைவனத்தில் இறங்கினாள். தங்கையா கம்பித் தடுப்புக்குப் பின்னால் மூன்றாவது நாளாக அதே சட்டையில் நின்றிருந்தான். நாலு வருஷத்தில் முகம் கறுத்திருந்தது. இருவரும் ஓடிப் போய்க் கட்டிக்கொண்டார்கள். முள்ளம்பன்றிகள் கட்டிக்கொள்வதற்கு ஒரு பக்குவம் உண்டு. பழக்கம் விட்டுப்போயிருந்ததால் இரண்டு பேருக்கும் நன்றாகக் குத்தியது. "ஆ" என்று கத்திக்கொண்டே விடாமல் நின்றார்கள்.

"விமானம் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டான்.

"பறக்குறது லேசுங்க" என்றாள். "அதுகிட்டப் போய்ச் சேர்றதுதான் பெரும்பாடு."

தோப்பு ஓரத்து ஈச்சமர நிழலில் உட்கார்ந்து, மிச்சமிருந்த பாதித் தொக்கை ரொட்டியில் தடவிச் சாப்பிட்டார்கள். ஊர்க் கதை எல்லாம் பேசினார்கள். நாலு வருஷத்துக் கதையை ஒரு சாயங்காலத்துக்குள் பேச வேண்டியிருந்ததால் இருவரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். வெள்ளிக்கிழமை விடிந்ததும் தோப்புச் சங்கு ஊதியது. தங்கையா லாரியில் ஏறி வேலைக்குப் போனான். லாரியின் புழுதி அடங்கும்வரை செங்கமலம் கையசைத்துக்கொண்டே நின்றாள்.

நீதி: தெரியாது என்று மட்டும் யாரிடமும் சொல்லிவிடாதே. சொல்லிக்கொடுத்துவிடுவார்கள்.