நோயாளிக்கு என்ன உறவு?

2024 ஜூலை 9, செவ்வாய்.

முதலில் ஒரு திருத்தம். எங்கள் குழு பெயர் சூட்டிய பாலீர்ப்பின் வகைகள் பதினெட்டு என்று நேற்று எழுதிவிட்டேன். பத்தொன்பது. 'அவ்வப்போது ஈர்ப்பு' விடுபட்டுப்போனது. வருந்துகிறேன்.

தமிழினத்தின் காதல் சிக்கல்கள் யாவும் நாகர்கோவிலில், மாலை ஆறு முதல் ஏழரை மணிக்குள் தீர்க்கப்பட்டு வருகின்றன. எங்கள் மொழிபெயர்ப்பு மாலை வகுப்பின் 'பாலின மரியாதைச் சொல்லாக்கக் குழு' அதைச் செய்கிறது. தலைவர், ஆசிரியர் கிருஷ்ணமணி சார். செயலாளர் நான், விபின்.

இன்று ஜாஸ்மி அக்கா எழுந்தார். தோவாளைச் சந்தையில் பூ வியாபாரம் செய்துகொண்டே வகுப்புக்கு வருபவர்.

"சார், எனக்கு ஒரே ஒரு சொல்லு வேணும். நாளைக்குக் காலைல எட்டு மணிக்குள்ள."

அக்காவுடன் வாழும் ஸ்மிதாவுக்குப் பித்தப்பை ஆபரேஷன். ஆஸ்பத்திரிப் படிவத்தில் 'நோயாளிக்கு என்ன உறவு' என்று ஒரு கட்டம். அதில் சரியாக எழுதினால்தான் கையெழுத்துப் போடலாம், கூட இருக்கலாம்.

"பத்து வருசமா ஒரே வீடு, ஒரே கட்டில். ஊர்ல கூட்டுக்காரின்னு சொல்லுவாவ. அத எழுதினா கவுண்டர்ல இருக்க பிள்ள, 'ஃபிரண்ட்ஸ் எல்லாம் வெளிய நிக்கணும்'ங்கா."

"கூட்டா?" என்றான் காற்றாலைப் பொறியாளன் லிஜின். "அவியலுக்குப் பக்கத்துல வைக்கதாக்கும்!"

வகுப்பு சிரித்தது. அந்தச் சொல்லில் மலையாள வாடை அடிப்பதாகத் தலைவர் கவலைப்பட்டார். எனக்கு அடிக்கவில்லை. ஆனால் செயலாளர் கருத்துச் சொல்லலாமா என்று ஐயம் வந்தது. விதிகளைப் புரட்டினேன். தடை ஏதும் இல்லை. அதற்குள் சொல் நிராகரிக்கப்பட்டிருந்தது.

பிறகு 'இணையர்' சரியா, 'துணையர்' சரியா என்று நாற்பது நிமிடம் ஆழ்ந்த விவாதம். இணையில் சமத்துவம் இருக்கிறது, துணையில் ஆதரவு இருக்கிறது என்று இரு அணிகளும் ஒப்புக்கொண்டன. மோதல் நீடித்தது.

"ரெண்டுல எத எழுதினா என்னைய உள்ள விடுவாவ?" என்றார் ஜாஸ்மி அக்கா.

"அது நடைமுறையாக்கும்," என்றார் தலைவர் கனிவாக. "நாம கோட்பாட்டுல நிக்கோம்."

துணைக்குழு அமைக்கப்பட்டது. இரண்டு வாரத்தில் அறிக்கை தரும்.

"அதுக்குள்ள தையலே பிரிச்சிருவாவ, சார்."

இந்தக் கருத்தும் மரியாதையுடன் பதிவு செய்யப்பட்டது.

"ஏலே விபினு, பேனாவக் குடு." அக்கா பையிலிருந்து படிவத்தை எடுத்து, கட்டத்தில் ஒரு சொல்லை எழுதினார். தலைவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் படித்தார். முகம் மலர்ந்தது.

"'தங்கை'! நல்ல தமிழ்! பிறமொழிக் கலப்பே இல்ல!"

எல்லோரும் கை தட்டினோம். நானும் தட்டினேன். எவ்வளவு நேரம் என்று குறிக்கத் தவறிவிட்டேன். அக்கா தட்டவில்லை. படிவத்தை மடித்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"இதுல கீழ ஒரு சாட்சிக் கையெழுத்தும் கேக்கான் மக்கா. காலைல வருவியா?"

வருவதாகச் சொன்னேன்.

நாளைய வேலை: காலை ஏழரைக்கு ஆஸ்பத்திரி. ஜாஸ்மி, ஸ்மிதாவின் தங்கைதான் என்பதற்குச் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். பெயர்: விபின். பதவி: செயலாளர், பாலின மரியாதைச் சொல்லாக்கக் குழு.