ஜிமிக்கிக்கு என்ன கோளாறு

பேப்பரை விரித்துக்கொண்டே சோபா பக்கம் வந்த காசிமாயன், பாதத்தில் ஏதோ வெதுவெதுப்பாகப் பட்டதும் அப்படியே நின்றார். குனிந்து பார்க்க வேண்டிய அவசியமில்லை. இந்த வாரத்தில் இது ஐந்தாவது தடவை.

“ஜிமிக்கி” என்று கூப்பிட்டார்.

சோபாவுக்கு அடியிலிருந்து பத்து மாதப் பொமரேனியன் ஒன்று தவழ்ந்து வந்தது. காதை மடக்கி, வயிற்றைத் தரையோடு தேய்த்துக்கொண்டு வந்து அவர் காலடியில் மல்லாந்து படுத்தது. படுத்த இடத்திலும் கொஞ்சம் ஈரமாக்கியது.

“செஞ்சது தப்புன்னு அதுக்கே தெரியுது பாரு” என்றார் மனைவியிடம். “தெரிஞ்சே செய்யுது.”

அன்னக்கொடி மாப்பை எடுத்து வந்தாள்.

பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் திவ்யா, அம்மாவுக்குத் துணையாக இருக்கட்டும் என்று வாங்கிக் கொடுத்த நாய் அது. வந்த இரண்டே மாதத்தில் எல்லாவற்றுக்கும் வாசலுக்குப் போகப் பழகிவிட்டது. முட்டினால் கதவருகே நின்று பிறாண்டும்; அன்னக்கொடி திறந்துவிடுவாள். காசிமாயன் அப்போதெல்லாம் காலை ஏழு மணிக்குக் கிளம்பினால், பள்ளிக்கூடம், டியூஷன் எல்லாம் முடித்து வீடு திரும்ப ஒன்பதாகும். நாய் தூங்கியிருக்கும். ஆனாலும் அதன் ஒழுக்கத்தைப் பற்றி ஆசிரியர்கள் அறையில் அவர் பெருமையடிக்காத நாளில்லை. மே மாதக் கடைசியில் பணி ஓய்வு பெற்றார். ஜூன் பாதியில் ஜிமிக்கிக்கு இந்தக் கோளாறு ஆரம்பித்தது.

முப்பத்து நான்கு வருடம் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தவருக்கு, ஒரு நாய்க்கு ஒண்ணுக்குப் போகச் சொல்லிக்கொடுப்பது பெரிய காரியமாகப் படவில்லை. முதல் வேலையாக அதற்கு ஒரு டைம்டேபிள் போட்டு ஃபிரிட்ஜில் ஒட்டினார். காலை ஆறு, ஒன்பதரை, பன்னிரண்டு என்று நாளைக்கு ஆறு வேளை. ஒவ்வொரு வேளையும் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு தெருவில் நின்று, கைக்கடிகாரத்தைப் பார்த்து, “ம், போ” என்பார். நாய் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கும். எதிர்வீட்டு முருகம்மாள் வாசல் தெளிப்பதை நிறுத்திவிட்டு இருவரையும் பார்ப்பார். கால் மணி நேரம் நின்றும் ஒன்றும் நடக்காமல் உள்ளே வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, “ஏன் போகல?” என்று அவர் குனிந்து கேட்ட மறுநிமிடம் அவர் காலிலேயே நடக்கும்.

தண்ணீரைக் குறைத்துப் பார்த்தார். அன்னக்கொடி அடுப்படியில் திருட்டுத்தனமாக ஊற்றிக் கொடுத்தாள். அது தெரிந்ததும் அவர் போட்ட சத்தத்தில் அடுப்படியும் ஈரமானது.

கடைசியில் டயபர்தான் வழி என்று மருந்துக்கடைக்குப் போனார். எத்தனை மாசக் குழந்தைக்கு என்று கடைக்காரர் கேட்டார். பத்து மாசம் என்றார் காசிமாயன். அதுவரை பொய் இல்லை. பேரனா, பேத்தியா என்று அவர் அடுத்துக் கேட்டபோது, பின்னால் நாலு பேர் நின்றார்கள். நாய்க்கு என்று சொல்ல வாய் வரவில்லை.

“பேத்தி” என்று சொல்லி வாங்கிக்கொண்டு, வீடு வரை தலைநிமிராமல் நடந்தார்.

மறுநாள் காலை முருகம்மாள் வாசலுக்கே வந்துவிட்டார்.

“ஏம்மா அன்னக்கொடி, திவ்யாவுக்குக் கல்யாணம் ஆனதை ஒரு வார்த்தை சொல்லலையே” என்றார்.

திவ்யாவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அதை நிரூபிக்க, டயபரோடு ஜிமிக்கியைத் தூக்கிக்கொண்டு காசிமாயன் தெருவில் நாலு வீட்டுக்குப் போய்க் காட்ட வேண்டியதாயிற்று. மகள் மானம் தப்பியது. வாத்தியார் வீட்டு நாய் நடுவீட்டில் போகிறது என்பது வில்லாபுரம் முழுக்கத் தெரிந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை, உடன் வேலை பார்த்த பால்பாண்டி இரண்டு ஆசிரியர்களோடு, பிரிவுபசார விழாவில் எடுத்த போட்டோவைச் சட்டம் போட்டுக் கொண்டுவந்தார். இழந்த மரியாதையில் கொஞ்சமாவது மீட்கலாம் என்று காசிமாயனுக்கு ஆசை வந்தது. டயபரைக் கழற்றச் சொல்லிவிட்டு, “இப்பப் பாருங்க” என்று அதட்டலாக ஒரு குரல் கொடுத்தார். ஜிமிக்கி உடனே வந்தது. பால்பாண்டியின் வெள்ளை வேட்டிமேல் ஏறி மல்லாந்தது.

“தண்ணிதான் மாப்ள, தண்ணி கொட்டியிருக்கு” என்றார் காசிமாயன்.

பால்பாண்டி நல்ல மனுஷர். “ஆமாண்ணே, தண்ணிதான்” என்று சொல்லி, காபிகூடக் குடிக்காமல் எழுந்தார். மற்ற இருவரும் அவரை முன்னும் பின்னுமாக மறைத்தபடி கூட்டிப் போனார்கள்.

காசிமாயன் போட்டோவை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். தலைமுறை தலைமுறையாக வகுப்பைக் கட்டி ஆண்டவர், நாலு கிலோ நாயிடம் தோற்றுவிட்டார். அவமானத்தில் அன்று அதைத் திட்டக்கூடத் தோன்றவில்லை.

“அதுக்கு உடம்புக்கு ஏதோ பண்ணுதுங்க” என்றாள் அன்னக்கொடி. “டாக்டர்கிட்டக் காட்டுவோம்.”

அவனியாபுரம் ரோட்டில் புதிதாகத் திறந்த கிளினிக். டாக்டர் பவதாரிணிக்கு முப்பது வயதுக்கு மேல் இருக்காது. அன்னக்கொடியையும் நாயையும் மட்டும் முதலில் உள்ளே கூப்பிட்டாள். சிறுநீரைப் பரிசோதித்தாள், ஸ்கேன் எடுத்தாள், எப்போதிருந்து, எந்தெந்த நேரத்தில் என்று விவரமாகக் கேட்டுக்கொண்டாள். அரைமணி நேரம் ஜிமிக்கி மேசைமேல் வாலை ஆட்டிக்கொண்டு சமர்த்தாக நின்றது.

பிறகு காசிமாயனை அழைத்தார்கள். அவரைப் பார்த்ததும் டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்தாள். அவர், “ஜிமிக்கி, ஒழுங்கா நில்லு” என்றார். மேசையிலிருந்து தரைக்குச் சொட்டியது.

காசிமாயன் தன் கைக்குட்டையாலேயே மேசையைத் துடைக்கப் போனார். டாக்டர் தடுத்துத் தானே துடைத்தாள்.

“மன்னிச்சுக்கம்மா” என்றார் தாழ்ந்த குரலில். “என்ன நோயா இருந்தாலும் மறைக்காமச் சொல்லு. சரியாகுமா, ஆகாதா?”

டாக்டர் இன்னும் உட்காரவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்:

“நோயெல்லாம் இல்ல சார், பயம்தான். ஆறாவதுல நீங்க எங்களுக்குக் கணக்கு எடுத்தப்ப எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு, ஏழாவது போனதும் நின்னுருச்சு.”