பிள்ளையாரின் ஜப்பான் சொந்தக்காரர்

பாரிஸின் லா ஷப்பலில் இருக்கிற அத்தனை தமிழரிலும், காலையில் எழும்பி அடுத்தவனின் கெட்ட கனவுக்கு ஓடர் எடுத்த ஒரே மனிதர் சுஷி அண்ணைதான்.

ஒரே வீட்டில் ஐந்து ஆண்கள் இருந்தோம். அண்ணைக்கு ஒரு ஜப்பானிய உணவகத்தில் கோப்பை கழுவும் வேலை. சுஷி என்று பெயர் ஒட்டிக்கொண்டதே தவிர, மனிதர் அதில் ஒரு துண்டுகூட வாயில் வைத்ததில்லை. "பச்சை மீன் தின்ன நான் என்ன கொக்கோ?" என்பார். அங்கே சமைக்கும் ஜப்பான்காரக் கிழவர் ஒருநாள் அவருக்கு ஒரு சின்னப் படம் கொடுத்தார். யானைத் தும்பிக்கை, புலிக்கால், மாட்டுவால். பெயர் பகு. கெட்ட கனவு கண்டு எழும்பியதும் 'பகு, என் கனவைச் சாப்பிடு' என்று மூன்று தரம் சொன்னால் வந்து தின்றுவிட்டுப் போய்விடுமாம்.

தும்பிக்கையைக் கண்ட பிறகு அண்ணைக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. "இது எங்கடை பிள்ளையாற்றை சொந்தக்காரர்தான்" என்று சாமிப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டி, சந்தனப் பொட்டும் வைத்துவிட்டார்.

அன்றிலிருந்து தேத்தண்ணி கொதிக்கும்போதே தொடங்கிவிடுவார். "ஆருக்கு என்ன கனவு?"

எங்களில் ஒருவன் மன்னார்க்காரன், கிறிஸ்தவன். "அண்ணை, நான் வேதக்காரன்" என்று நழுவப் பார்த்தான்.

"அதுக்குப் பசி மட்டும்தான்ரா தெரியும். சொல்லு!"

அவன் கனவில் மெத்ரோவில் டிக்கெட் இல்லாமல் கொன்ட்ரோலரிடம் பிடிபடுவான். அதையே மூன்று நாள் கொடுத்ததும் அண்ணைக்குக் கோபம் வந்துவிட்டது. "நெடுகக் கொன்ட்ரோலோ? அதுக்கும் வாய்க்கு ருசியா ஏதும் வேண்டாமோ?"

என் கனவும் எப்போதும் ஒன்றுதான். பங்கர், இடிந்து விழும் மண், அப்பாவின் கை. அதை யாரிடமும் சொல்ல வாய் வந்ததில்லை. அண்ணை சொன்னபடி மூன்று தரம் கூப்பிட்டேன். நீங்கள் நம்புவீர்களோ தெரியாது, கனவு கொஞ்சம் கொஞ்சமாகக் குறையத்தான் செய்தது.

அந்த நேரம் பார்த்து என் அகதி விண்ணப்பத்துக்கு விசாரணைக் கடிதம் வந்தது. நடந்ததை நானே என் வாயால் சொல்ல வேண்டும். சொன்னால்தான் இந்த நாட்டில் இருக்கலாம். அண்ணை பதறிவிட்டார்.

"இனி ஒரு வாய் குடுக்கக்கூடாது! எல்லாத்தையும் அது திண்டு முடிச்சிட்டா, அங்கை போய் என்னத்தைச் சொல்லுவாய்?"

படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிவைத்தார். எனக்காக முழு வீடும் இரண்டு கிழமை கெட்ட கனவோடு கிடந்தது. "கொன்ட்ரோலருக்குப் பயந்து ஓடி ஓடிக் காலும் உளையுதடா" என்று மன்னார்க்காரன் தினமும் காலையில் எனக்கு முன்னால் வந்து நொண்டிக் காட்டினான்.

விசாரணை நாளில் அண்ணை லீவு போட்டு என்னோடு வந்தார். உள்ளே முதலில் அழுகைதான் வந்தது. பிறகு பங்கரில் தொடங்கி அப்பாவின் கைவரை ஒன்றும் விடாமல் சொன்னேன். வெளியே வந்தால் அண்ணை நடைபாதையில் நிற்கிறார்.

"முழுக்கச் சொன்னியோ?"

"ஓம் அண்ணை."

ஜாக்கெட்டுக்குள்ளிருந்து படத்தை எடுத்து என் முகத்துக்கு நேரே பிடித்தார். "இப்ப குடு."

போகிற வருகிற சனமெல்லாம் பார்க்க, மூன்று தரம் சொன்னேன்.

திரும்பும் ரயிலில் கேட்டேன். "நீங்கள் ஒருநாளும் உங்கடை கனவைக் குடுக்கேல்லையே, அண்ணை?"

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "கூடாத கனவுதான் தம்பி. ஷெல்லுக்கை ஓடுறம். ஆனா என்ரை மனிசி என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டெல்லோ ஓடி வாறா. அதைக் குடுத்திட்டா, பிறகு நான் அவவை எங்கை பாக்கிறது?"

அந்த ஷெல்லடியில் மனைவியை இழந்தவர் அவர் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

எனக்கு விசா கிடைத்து, கல்யாணமாகி, பாரிஸுக்கு வெளியே திரான்சிக்கு வீடு மாறியபோது படத்தை என் கையில் திணித்துவிட்டார். இப்போது அது எங்கள் வீட்டுப் பிள்ளையாருக்குப் பக்கத்தில் இருக்கிறது. பொட்டு வைக்கும்போதெல்லாம் அதனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். எவ்வளவு பசித்தாலும் லா ஷப்பல் பக்கம் மட்டும் போய்விடாதே, அங்கே சுஷி அண்ணை தூங்குகிறார்.