மாமரத்துக்கு ஒரு ஜாண் கரை

காஞ்சிபுரத்தில் மனிதர்களைவிட மரங்களோடு அதிகம் பேசியவர் பட்டை வாத்தியார் ஒருவர்தான். மனிதர்களிடம் பேசினாலும் மரங்களைப் பற்றியே பேசுவார். அவர் ஹைஸ்கூலில் இயற்கைப் பாடம் நடத்தினார். நான் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. இருவரும் பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் வீட்டுப் பின்கட்டில் குடியிருந்தோம், சாப்பாடும் அங்கேயே. என்னையும் ஒரு மரமாக நினைத்ததால்தான் அவருக்கு என்னோடு ஒத்துப்போயிற்று.

"தண்ணி கட்டை வழியா மேல ஏறும் சார். இலை சமைச்ச சாப்பாடு பட்டை வழியா கீழ இறங்கும்" என்பார், காலையில் நமஸ்காரத்துக்குப் பதிலாக. நான் பல் துலக்கிக்கொண்டிருப்பேன்.

ஒரு வருஷம், கொல்லை மாமரத்தின் கிளை ஒன்றில் மோதிரம்போல் மெல்லியதாகப் பட்டையை உரித்தார். இறங்க வழியில்லாத சாப்பாடெல்லாம் அந்தக் கிளைக் காய்களுக்கே போய், ஒவ்வொன்றும் தொந்தி போட்டது. வீட்டுக்காரர் அசந்துபோனார்.

மறு வருஷம் வாத்தியார் வெளியூர் போயிருந்தபோது, வீட்டுக்காரர் அடிமரத்தையே சுற்றி ஒரு ஜாண் அகலத்துக்கு உரித்துவிட்டார்.

"என்னங்க இது?" திரும்பி வந்த வாத்தியார் உரித்த இடத்தைத் தடவிப் பார்த்தார்.

"நீங்க போட்டது பொடி வளையம். கரை அகலமா இருந்தாத்தானே பொடவைக்கு மதிப்பு?"

"வேருக்குச் சாப்பாடு போற வழியையே அடைச்சிட்டீங்களே. மரம் பட்டினியில செத்துப்போகும்."

"நீ காட்டின வித்தைதானேப்பா? மரம் பூட்ச்சுன்னா நீயும் ஜாகையைக் காலி பண்ணிடு."

வாத்தியார் அதே மரத்தின் இளங்குச்சிகளை வெட்டி, உரித்த இடத்துக்கு மேலும் கீழும் பட்டைக்குள் செருகிப் பாலம் போட்டார். கழிவுப் பட்டுநூலால் இறுக்கிக் கட்டி, சாணமும் களிமண்ணும் அப்பினார். நான் எடுத்துக் கொடுத்த குச்சி தலைகீழாம். "உங்களை நட்டாக்கூட முளைக்க மாட்டீங்க சார்" என்றார்.

அன்றே சாப்பாட்டையும் விட்டார். "வேர் பட்டினி கிடக்குது. நான் மட்டும் எப்படிச் சாப்பிடறது?" மோரும் பழமுமாகப் பள்ளிக்கூடம் போய்வந்தார்.

வீட்டம்மாள் கணவரைப் பிடித்துக்கொண்டாள். "மரம் தேறுதோ இல்லியோ, இவரு பூடுவாரு. நீ பண்ண கூத்துக்கு அவரு ஏன் வாயைக் கட்டிக்கினு கெடக்கணும்?"

அப்புறம் ஒரு காலையில் வீட்டுக்காரரே வந்து எங்களைக் கொல்லைக்கு இழுத்துப்போனார். குச்சிகளில் துளிர் விட்டிருந்தது.

"வழி தெறந்துக்கிச்சாங்க?"

வாத்தியார் துளிரைத் தொட்டுப் பார்த்தார். "தெறந்துக்கிச்சு."

"அப்போ வாங்க, உக்காந்து சாப்புடுங்க."

வாத்தியார் உட்கார்ந்து சாப்பிட்டார். இட்லிப் பானை காலியாயிற்று. அவர் இலையும் காலி. என் இலையிலிருந்து ஒன்றை எடுத்து அவர் இலையில் வைத்தேன். என் வாழ்நாளில் நான் அப்படிச் செய்தது அந்த ஒரு தடவைதான்.