முதல் ஆயிலின் ஜாதகம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தத் தெருவுக்குள் ஒரு சைக்கிள் நுழைய இடம் இருக்காது. தெருவின் ஒரு பக்கம் முழுக்கக் கார்கள். சிவப்பு, மஞ்சள், வெள்ளி என்று பளபளக்கும் புதுக் கார்கள். எல்லாம் தரையோடு தரையாகப் படுத்திருக்கும் ரகம். உறுமினால் நாலு வீட்டு ஜன்னல் அதிரும். பந்தயத் திடலில் பாயவேண்டிய அந்தக் கார்கள், ஆஸ்பத்திரிச் சீட்டு வரிசை மாதிரி ஒன்றின் பின்னால் ஒன்றாக ஊர்ந்துகொண்டிருக்கும்.

எதற்காக? ஆயில் மாற்ற.

சிரிக்காதீர்கள். சாதாரண ஆயில் இல்லை, முதல் ஆயில். புது எஞ்சினில் தொழிற்சாலைக்காரன் ஊற்றி அனுப்பிய ஆயிலை முதல் தடவை வடிக்கிறோமே, அதுதான் எஞ்சினின் ஜாதகமாம். அதைப் படித்தால் காருக்கு விபத்து உண்டா, காரின் சொந்தக்காரருக்கு உயர்வு உண்டா, யார் வயிறெரிந்தார்கள், யார் பெருமூச்சு விட்டார்கள் என்பதெல்லாம் புட்டுப் புட்டு வைக்குமாம். அதைப் படிக்கத் தெரிந்தவர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் பெயர் எண்ணெய் ஞானி.

ஞானிக்கு முன்னாலே பழைய கார் தரகுத் தொழில். மரத்தில் மோதிச் சுருண்ட காரைக்கூட, "ஒரு டாக்டரம்மா ஓட்டினதுங்க, வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் தவிர வேற எங்கயும் போனதில்ல" என்று சொல்லித் தள்ளிவிட்டவர். எஞ்சினைப் பற்றி அவருக்குத் தெரிந்தது கொஞ்சம். காரை வாங்க வருகிறவன் முகத்தைப் பற்றித் தெரிந்தது ஏராளம். தரகு படுத்துக்கொண்டது, ஞானம் எழுந்து உட்கார்ந்தது. பல பேருக்கு ஞானம் இந்த வழியாகத்தான் வருகிறது.

அவருடைய கூடம் பார்க்க ஆபரேஷன் தியேட்டர் மாதிரி இருக்கும். சுவரெல்லாம் வெள்ளை ஓடு, ஒரு பக்கம் வெள்ளைத் திரை. சொந்தக்காரரின் கையும் கண்ணும் முதல் ஆயிலில் படக்கூடாது என்பது சட்டம். ஆகவே கார் திரைக்குப் பின்னால் போகும். வெள்ளைக் கையுறை மாட்டிய சீடர்கள் உள்ளே ஏதோ செய்வார்கள், டங்கு டங்கென்று சத்தம் கேட்கும். வெளியே நாற்காலியில் காரின் தகப்பன், பிரசவ வார்டு வாசலில் இருக்கிறவன் மாதிரி நகத்தைக் கடித்துக்கொண்டிருப்பான். கடைசியில் ஞானி ஒரு வெள்ளைத் தட்டில் கொஞ்சம் ஆயிலை ஏந்தி வந்து விளக்கடியில் சாய்ப்பார்.

"பாருங்க. மின்னுதா?"

மின்னும். ஆயிலுக்குள் பொடிப்பொடியாக ஏதோ மினுக்கும்.

"அது கண்ணு. உங்க மேல விழுந்த கண்ணு."

கூடமே மூச்சை இழுத்துக்கொள்ளும். அந்தக் கூடத்தில் இதய டாக்டர் உண்டு, விமானி உண்டு, சட்டக் கல்லூரிப் பேராசிரியர் உண்டு. படிக்காத ஜனங்களை ஏமாற்றுகிறார்கள் என்று யாராவது கட்டுரை எழுதினால் நம்பாதீர்கள். படிக்காதவனிடம் இந்தக் காரே கிடையாது.

நம் கதையின் அண்ணனும் படித்தவர்தான். பாலம் கட்டும் எஞ்சினியர். கணக்குப் போட்டுப் பார்க்காமல் ஒரு தூணை எழுப்ப மாட்டார். பல வருஷ ஆசையில் அப்படி ஒரு காரை வாங்கினார். வாங்கிய அன்றைக்கே அவரும் தம்பியும் ஒரு முடிவு செய்தார்கள். முதல் ஆயிலைத் தங்கள் கையாலேயே மாற்றுவது. தம்பி நீச்சல் பயிற்சியாளர். சாயந்திரமானால் அண்ணன் வீட்டில்தான் இருப்பார். இரண்டு பேருமாகக் கடைக்குப் போய் ஜாக்கி, காரைத் தாங்கும் முக்காலிகள், ஸ்பேனர், புது ஃபில்டர், ஆயில் வடிக்க அகலமான தட்டு எல்லாம் வாங்கி வந்து கார் கொட்டகையில் அடுக்கினார்கள். சின்னப் பையன்கள் தோற்றார்கள், அவ்வளவு குஷி.

அதற்குள் ஆபீஸில் ஒருவர் வாய் திறந்தார். "என்னது, முதல் ஆயிலை நீங்களே கழட்டப் போறீங்களா? என் மச்சான் அப்படித்தான் கழட்டினான். மூணாம் நாள் லிஃப்ட்ல மாட்டிக்கிட்டான்."

லிஃப்டுக்கும் ஆயிலுக்கும் என்ன சம்பந்தம் என்று எஞ்சினியர் கேட்கவில்லை. நேரே ஞானியிடம் காரை விட்டார்.

ஞானி தட்டைச் சாய்த்தார், அண்ணன் முகத்தைப் பார்த்தார். "கார் வந்த அன்னிக்கு முதல்ல தொட்டது யாரு?"

"என் தம்பிங்க. பானெட்டைத் தடவிப் பார்த்தான்."

"இளைய கை. ஆகாத கை. உங்க உயரம் அவர் கண்ணை உறுத்துது. வாசல்படி ஏத்தாதீங்க."

அன்றோடு தம்பி வீட்டுக்குள் வருவது நின்றது. அவர் முதலில் இதை விளையாட்டென்று நினைத்தார். இரண்டாம் முறை கேட்டிலேயே நிறுத்தப்பட்டபோது திரும்பிப் போனார். அண்ணன் அதற்குப் பிறகு சரியாகச் சாப்பிடவில்லை. தம்பியை நினைத்து அவருக்கும் நெஞ்சு வலித்தது. ஆனாலும் பயம் பெரிதாக இருந்தது.

அண்ணி இதைப் பார்த்துப் பார்த்துப் பொறுமை இழந்தார். அவர் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறவர். ஞானி ஒவ்வொரு காரின் ஆயிலிலும் கொஞ்சம் பாட்டிலில் அடைத்துக் கொடுப்பார், இருட்டில் வைக்கவேண்டும், திறக்கக்கூடாது என்று. அண்ணி அலமாரியிலிருந்து அந்தப் பாட்டிலை எடுத்துவந்து சாப்பாட்டு மேஜைமேல் வைத்தார்.

"திறங்க."

"ஐயோ, திறந்தா எஞ்சின் பிடிச்சுக்குமாம்."

"கூடப் பிறந்தவனை கேட்டுல நிறுத்தினீங்களே, அப்ப உங்களுக்கு எதுவும் பிடிச்சுக்கலையா?"

அண்ணி நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்தார்.

"எங்க லேப்ல புது மெஷின் வந்தா அதை உடனே நம்ப மாட்டோம். ஒரே ஆளு ரத்தத்தை ரெண்டு குழாய்ல ஊத்தி, வேற வேற பேர் எழுதி உள்ள அனுப்புவோம். ரெண்டுக்கும் ஒரே பதில் வந்தா மெஷின் நல்ல மெஷின். வேற வேற பதில் வந்தா அது மெஷினே இல்ல, வெறும் டப்பா. உங்க ஞானியையும் அப்படிப் பார்த்துடலாம். இந்த ஆயிலை நீங்களே உங்க கையால ரெண்டு பாட்டில்ல ஊத்துங்க. ரெண்டுக்கும் அவர் ஒரே பதில் சொன்னா, உங்க தம்பி பேரை இந்த வீட்டுல நான் எடுக்கவே மாட்டேன். மாத்திச் சொன்னா, நீங்க அவரைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வரணும். சம்மதமா?"

அண்ணன் பாட்டிலைக் கையில் எடுத்தார். பிறகு மூடியைத் திருகினார். எஞ்சின் ஒன்றும் ஆகாமல் கொட்டகையில் சமர்த்தாக நின்றது.

காரைக் கொண்டுவர முடியாதவர்கள் பாட்டிலைக் கொண்டுவரலாம் என்று ஞானி பெரிய மனது பண்ணியிருந்தார். அடுத்த ஞாயிறு அண்ணி வரிசையில் நின்றார். அவருக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளித் தம்பி. அண்ணி கூப்பிட்டதற்காக வந்திருந்தார், முகத்தில் சிரிப்பே இல்லை. இரண்டு பேரையும் ஞானி முன்னே பின்னே பார்த்ததில்லை. அண்ணன் கடைசி வரிசையில் ஒரு தடித்த மனிதரின் முதுகுக்குப் பின்னால் பதுங்கியிருந்தார்.

ஞானி அண்ணியின் பாட்டிலிலிருந்து தட்டில் கொஞ்சம் ஊற்றிச் சாய்த்தார். மின்னியது.

"எங்கம்மா வேலை?"

"லேப்லங்க."

"அங்கதான் இருக்கு. உங்க நாற்காலி மேல ஒரு பொம்பளைக்குக் கண்ணு."

அண்ணியின் நாற்காலி முதுகு இல்லாத ஸ்டூல். அதில் உட்காரச் சொன்னால் எல்லாரும் ஓடுவார்கள். ஆனாலும் அண்ணி பயபக்தியோடு தலையாட்டிவிட்டு நகர்ந்து நின்றார்.

தம்பி வந்தார். அதே ஆயில். அதே தட்டு. மின்னியது.

"கூடப் பிறந்தவங்க இருக்காங்களா தம்பி?"

"ஒரே அண்ணன்."

"போக்குவரத்து உண்டா?"

"முன்னாடி இருந்துச்சு. இப்ப இல்லைங்க."

அது போதாதா? ஞானி கண்களை மூடினார். "உங்க அண்ணன் கைதான் இதுல மின்னுது. மூத்த கை. ஆகாத கை. நீங்க வளர்றது அவருக்குப் பொறுக்கல. வாசல்படி ஏத்தாதீங்க."

கடைசி வரிசையில் நாற்காலி கிறீச்சிட்டது. அண்ணன் எழுந்து நின்றார்.

"அந்த அண்ணன் நான்தாங்க. இதே ஆயிலைப் பார்த்துத்தான், தம்பியை வாசல்படி ஏத்தாதேன்னு எங்கிட்ட சொன்னீங்க."

ஞானி கண்ணைத் திறந்தார். "அது வேற, இது வேற."

"நீங்க குடுத்த பாட்டிலைத்தான் ரெண்டாப் பிரிச்சேன். நானே ஊத்தினேன். ஒண்ணு என் சம்சாரம் கொண்டுவந்தது, ஒண்ணு இவன் கொண்டுவந்தது."

கூடத்தில் முணுமுணுப்பு எழுந்தது. தரகர் என்றால் சும்மாவா? ஞானி சுதாரித்துக்கொண்டார். "ஆயில், யார் கொண்டு வர்றாங்களோ அவங்க கை ராசியை வாங்கிக்கும். அதனாலதான் பலன் மாறுது."

"அப்படிங்களா?" என்றார் அண்ணி. "சொந்தக்காரர் கை படக்கூடாதுன்னு திரை போட்டு வச்சிருக்கீங்க. முதல்ல தொட்டு எடுத்தது உங்க ஆளுங்க. அப்ப அந்த ஆகாத கை அவங்களோடதா?"

வெள்ளைக் கையுறைகள் எல்லாம் முதுகுக்குப் பின்னால் போயின. யாரோ சிரித்தார்கள். இதய டாக்டர் மட்டும் விடவில்லை. "அது சரிம்மா, ஆனா மின்னுதே?"

அண்ணனுக்குள் தூங்கிக்கொண்டிருந்த எஞ்சினியர் இப்போதுதான் விழித்தார். "புது எஞ்சின்ல இரும்பும் இரும்பும் உரசிப் பழகணும் சார். அதுவரைக்கும் பொடி உதிரும். அதை வெளியேத்தத்தான் முதல் ஆயிலைச் சீக்கிரம் மாத்தணும்னு கம்பெனிக்காரன் சொல்றான். எல்லாரும் கையில இருக்கிற பாட்டிலைத் தூக்கிப் பாருங்க. மின்னாத பாட்டில் யார்கிட்டயாவது இருக்கா?"

பாட்டில்கள் வெளிச்சத்துக்கு உயர்ந்தன. டாக்டருடையது மின்னியது. விமானியுடையது மின்னியது. பேராசிரியருடையது மின்னியது. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மின்னாத ஆயிலை அங்கே யாரும் ஒருநாளும் பார்த்ததில்லை, பார்க்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. அந்தப் பரபரப்பில் ஞானி திரைக்குப் பின்னால் நழுவினார். பின்வாசல் ஒன்று இருந்ததை அவர் மட்டும்தான் ஞாபகம் வைத்திருந்தார்.

அண்ணன் தம்பியின் கையைப் பிடித்தார். "வாடா வீட்டுக்கு" என்றார். தம்பியும் மன்னிப்பெல்லாம் கேட்கச் சொல்லவில்லை, கூடவே நடந்தார்.

வீட்டுக்கு வந்ததும் இரண்டு பேரும் காரை ஜாக்கியில் தூக்கி, முக்காலியில் நிறுத்தினார்கள். அந்த ஞானி ஊற்றிய ஆயில் ஒரு சொட்டுகூட எஞ்சினில் இருக்கக்கூடாது என்று அண்ணனுக்குப் பிடிவாதம். தம்பி விளக்கோடு அடியில் நுழைந்தார்.

"அண்ணே, இங்க வந்து பாரேன்."

அண்ணனும் படுத்துத் தவழ்ந்து உள்ளே போனார். ஆயில் வடிக்கும் போல்ட்டின்மேல் ஒரு மஞ்சள் மைக்கோடு. முறுக்கி முடித்தாயிற்று என்று தொழிற்சாலையில் அடையாளம் போடும் கோடு. போல்ட்டிலிருந்து ஆயில் சட்டிவரை நேராக, ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தது. கழற்றியிருந்தால் கோடு விலகியிருக்கும். அந்த போல்ட்டை இதுவரை யாரும் தொட்டதே இல்லை.

கார் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்த அண்ணி கேட்டார். "அப்ப திரைக்குப் பின்னால டங்கு டங்குன்னு தட்டினது?"

"வெறும் தட்டல்தான் அண்ணி. மேல அளவு பார்க்கிற ஓட்டை இருக்கே, அது வழியா குழாய் விட்டு ஒரு பாட்டில் உறிஞ்சியிருக்காங்க. அவ்வளவுதான்."

"அப்ப அந்த ஆளு என்னத்தைத்தான் மாத்தினார்?"

"என் புத்தியை" என்றார் அண்ணன் காருக்கு அடியிலிருந்து. பிறகு ஸ்பேனரைத் தம்பி கையில் வைத்தார். "நீ திற. உன் கையாலயே திற."

தம்பி முறுக்கினார். மஞ்சள் கோடு விலகியது. கறுத்த ஆயில் மினுமினுத்துக்கொண்டு தட்டில் இறங்கியது, இரண்டு பேர் முழங்கையிலும் வழிந்தது. முதல் ஆயில் அன்றைக்குத்தான் உண்மையாகவே மாறியது. யாரும் லிஃப்டில் மாட்டிக்கொள்ளவில்லை.

ஞானியைப் பற்றிக் கேட்கிறீர்களா? இப்போது வேறு ஒரு தெருவில் டயர் தேய்மானத்தைப் பார்த்துப் பலன் சொல்கிறாராம். வரிசை நீளமாம், அந்த இதய டாக்டர்தான் முதல் ஆளாம். சந்தேகப்பட அவருக்கும் ஒரு தலை இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. தொழிற்சாலையில் போட்ட மஞ்சள் கோடு மட்டும் அதில் இன்னும் விலகவில்லை. உங்கள் தலையில் அந்தக் கோடு எப்படி இருக்கிறது என்று ஒரு தடவை தடவிப் பாருங்கள்.