மாப்பிள்ளை முகம் வீங்கிய விவரம்

மதிப்பிற்குரிய சம்பந்தி செல்லாச்சி அம்மா அவர்களுக்கு,

தைப்பிங் மழையில் தாங்கள் சளி, காய்ச்சல் அண்டாமல் இருக்க வேண்டும் என்று விரும்பி, ஈப்போ சிலிபினிலிருந்து பெத்தபெருமாள் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் என் வீட்டுக்காரி நாச்சாளும் உங்கள் மகன் ரதீசனும் சுகம். சுகம் என்ற இந்தச் சொல்லைக் கடிதம் முடியும்வரை தாங்கள் கைவிடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். கைபேசியில் சொல்லலாம்தான். ஆனால் நான் பாதி சொல்வதற்குள் நாச்சாள் அதைப் பிடுங்கி, மீதியை வேறு மாதிரி சொல்லிவிடுவாள்.

என் மகள் தேவிஸ்ரீ அலுவலகப் பயிற்சிக்காகக் கூச்சிங் போனதால் மாப்பிள்ளை எங்கள் வீட்டில் தங்க வந்தார். அன்று நீங்கள் என்னை அழைத்து, "ரதீசனுக்கு இறால் ஆகாது, தொண்டை வீங்கும். அதோட..." என்றதும், உங்கள் பக்கம் இடி இடித்து இணைப்பு அறுந்துபோனதும் நினைவிருக்கும். திரும்ப அழைத்துக் கேட்டிருக்கலாம். காது கேட்காத சம்பந்தி என்று நினைத்துவிடுவீர்களே என்று கேட்கவில்லை. "மாப்பிள்ளையையே கேட்டுப்புடலாம்லா" என்றாள் நாச்சாள். "அவங்க அம்மா சொன்னது என் காதுல விழலன்னு அவர்கிட்டயே போய் சொல்லணுமா?" என்று அவளை அடக்கிவிட்டு, அந்த 'அதோட'வுக்குப் பின்னால் என்னவெல்லாம் இருக்கக்கூடும் என்று தனியாக உட்கார்ந்து யோசித்தேன். கடலை இருக்கலாம், முட்டை இருக்கலாம், நண்டும் மீனும் இறாலுக்குப் பங்காளிகள், தேங்காயை எப்படி நம்புவது, தயிரை எப்படி நம்புவது என்று யோசிக்க யோசிக்க எங்கள் அடுப்படியே காலியாகிவிட்டது. பெலாச்சான் என்பதே கூனி இறாலை இடித்துச் செய்வது என்பதால் அந்தப் போத்தலைப் பக்கத்து வீட்டுச் சின்னையாவிடம் கொடுத்துவிட்டேன். சட்டி பானை எல்லாவற்றையும் நானே தேய்த்தேன். இத்தனைக்கும் இது பழக்காலம். சந்தையில் வாடை தூக்கும் பெத்தாய்க் காய் கட்டுக் கட்டாகத் தொங்குகிறது, பலாவுக்குத் தங்கை போன்ற செம்படாக்கை மாவில் தோய்த்து அக்கம்பக்கமெல்லாம் பொரிக்கிறார்கள், எங்கள் கொல்லையில் ரம்புத்தான் மரம் சிவந்து நிற்கிறது. மாப்பிள்ளைக்கோ மூன்று வேளையும் சோறு, உப்பும் மஞ்சளும் போட்டு அவித்த சுரைக்காய், பருப்பே இல்லாத ரசம். அவர் ஒவ்வொரு வேளையும் "நல்லாருக்கு மாமா" என்றார். உங்கள் வளர்ப்பை அப்போதே மெச்சினேன்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது சின்னையா ஒரு மங்கு நிறையக் காரசாரமான பெத்தாய் சம்பலோடு வந்து, "அண்ணே, ஒங்க பெலாச்சான்லதான் செஞ்சோம். மாப்பிள்ளைக்குக் குடுங்க, பாவம், மூஞ்சி வாடிப்போயிருக்கு" என்று மேசையில் வைத்தார். மாப்பிள்ளை எட்டிப் பார்ப்பதற்குள் மங்கைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்கு ஓடினேன். கொட்டத்தான் ஓடினேன். ஆனால் நல்ல சம்பல் அம்மா அது, எனக்கும் நாலைந்து நாளாகச் சுரைக்காய்தான். நின்றபடியே தின்று முடித்து, குழாயடியில் வாய் கொப்பளித்து, முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டுதான் உள்ளே வந்தேன்.

அன்று சாயங்காலம் மாப்பிள்ளை பின்வாசல் வழியாக உள்ளே வந்தார். ஒரு கண் மூடியிருந்தது, மேலுதடு தடித்திருந்தது, கழுத்தெல்லாம் சிவப்புச் சிவப்பாகத் தடிப்பு. கழுவிய கையில் சம்பல் மிச்சம் இருந்திருக்கிறது, என் நாக்கு சும்மா இருக்காததால் ஒரு தாயின் பிள்ளையைக் கொன்றுவிட்டேன் என்றே நினைத்தேன். நாச்சாள் அழுதுகொண்டே அவருடைய அலர்ஜி மாத்திரையைத் தேடி எடுத்துக் கொடுக்க, நான் காரை எடுத்தேன். "மூச்சு விட முடியுதா மாப்பிள்ளை?" என்று ஒவ்வொரு சமிக்ஞை விளக்கிலும் கேட்டேன். "முடியுது மாமா, நீங்க ரோட்டைப் பாருங்க" என்றார். என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கிளினிக்கில் ஒரு பெண் டாக்டர். மாப்பிள்ளையின் மூச்சையும் தொண்டையையும் சோதித்துவிட்டு என் பக்கம் திரும்பி, வீட்டில் என்ன கொடுத்தீர்கள் என்றார். ஒன்று விடாமல் சொன்னேன். "அங்கிள், இதுல அலர்ஜி வர ஒண்ணுமே இல்லையே. ருசியும் இல்ல போலருக்கு" என்றார். அந்த நேரம் மாப்பிள்ளையின் சட்டைக் காலரிலிருந்து ஒரு பெரிய செவ்வெறும்பு மெதுவாக வெளியே வந்தது.

"மரத்துல ஏறினீங்களா?" என்றார் டாக்டர்.

மாப்பிள்ளை என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து, "பசிச்சுச்சு மாமா. ரம்புத்தான் பறிக்கலாம்னு ஏறினேன். கூட்டுல கைய வச்சுட்டேன்" என்றார்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது. அங்கேயே வெட்கத்தை விட்டு, உங்கள் அழைப்பு 'அதோட' என்பதில் அறுந்துபோன கதையைச் சொன்னேன். அவர் வீங்கிய உதட்டோடு சிரித்தார். "அதோட சரின்னு சொல்லியிருப்பாங்க மாமா. அம்மா எப்பவும் அப்படித்தான் பேசி முடிப்பாங்க. எனக்கு இறால் மட்டும்தான் ஆகாது, மத்தது எல்லாம் வெட்டுவேன்லா."

வீட்டில் நாச்சாள் எனக்கு நடத்திய அர்ச்சனையை எழுத இந்தத் தாள் போதாது. மறுநாள் அவள் பலாப்பிஞ்சுக் குருமா வைத்தாள், பெத்தாயைப் பெலாச்சான் சேர்க்காமல் நெத்திலியோடு வதக்கினாள், புது எண்ணெயில் செம்படாக் பொரித்தாள். மாப்பிள்ளை சாப்பிட்ட வேகத்தைப் பார்த்து எனக்கே பயமாகிவிட்டது. வீக்கமும் வடிந்துவிட்டது, இரண்டு கண்ணாலும் பார்க்கிறார்.

ஆகவே யாராவது எதையாவது சொன்னால் தாங்கள் பதற வேண்டாம், மழையில் பஸ் ஏறி இவ்வளவு தூரம் வரவும் வேண்டாம். தண்டாயுதபாணி புண்ணியத்தில் அவரைப் பத்திரமாக, கொஞ்சம் தொப்பையோடு திருப்பி அனுப்புகிறோம். வீட்டில் பெரியவர்களுக்கு எங்கள் வணக்கமும் சிறியவர்களுக்கு ஆசியும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள சம்பந்தி
பெத்தபெருமாள்

பி.கு.: உறையில் உங்கள் முகவரியை எழுதிக்கொண்டிருக்கும்போது நாச்சாள் மாடியேறி வந்து, "யாருக்குங்க எழுதுறீங்க?" என்றாள். தைப்பிங் சம்பந்தி அம்மாவுக்கு என்றேன். "அவங்க கீழ நம்ம அடுப்படியிலதான் நிக்கிறாங்க, வந்து எவ்வளவு நேரமாச்சு" என்கிறாள். வீங்கிய முகத்தை மாப்பிள்ளை அன்றைக்கே படம் பிடித்து உங்களுக்கு அனுப்பிவிட்டாராம். அவருக்காக நானும் வாயைக் கட்டிக் கிடந்தேன் என்று கேட்டு மனம் இளகி, ஒரு பை நிறைய இறால் வாங்கி வந்து, மகனைச் சின்னையா வீட்டுக்கு விரட்டிவிட்டு, எனக்காக நீங்களே பொரித்துக்கொண்டிருக்கிறீர்களாம். இதோ இறங்கி வருகிறேன். தாங்கள் வர வேண்டாம் என்று மேலே எழுதியிருப்பதால், சாப்பிட்டு முடித்த பிறகுதான் கடிதத்தைக் கையில் தருவேன்.