இருக்குசாமியின் இரண்டு செகண்ட் பேக்கப்

ஆமாஞ்சாமியை உங்களுக்குத் தெரியும். எதைச் சொன்னாலும் தலையாட்டுகிறவர். அவருக்கு ஒன்றுவிட்ட சகோதர இனம் ஒன்று உண்டு. சொந்தமாகச் சின்னத் தொழில் நடத்துகிறவர்களிடையே அது பல்கிப் பெருகியிருக்கிறது. கம்ப்யூட்டர் பழுது பார்த்துப் பிழைக்கிறவன் என்ற முறையில் நான் அதற்கு இருக்குசாமி என்று பெயர் வைத்திருக்கிறேன். அச்சகமோ, டிராவல்ஸோ, எக்ஸ்ரே எடுக்கும் இடமோ, எங்கே வேண்டுமானாலும் போய், "உங்க சர்வர் திடீர்னு படுத்துட்டா என்ன சார் பண்ணுவீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். கேள்வி முடிவதற்குள் பதில் வந்து விழும்.

"அதெல்லாம் பேக்கப் இருக்கு."

எங்கே இருக்கிறது அந்த நகல்? அதைக் கேட்கக் கூடாது. கேட்டால், பெண் பார்க்க வந்த இடத்தில் வயதைக் கேட்ட மாதிரி முகம் சுருங்கிவிடும். சிலர் மேசை டிராயரைக் காட்டுவார்கள். சிலர், "க்ளவுட்ல இருக்குப்பா" என்று கையை உயர்த்தி மின்விசிறியைக் காட்டுவார்கள். இன்னும் பொறுப்பான இருக்குசாமிகள், தீ பிடித்தால் என்ன செய்வது, வெள்ளம் வந்தால் யாருக்குப் போன் போடுவது, எந்தக் கோப்பை முதலில் மீட்பது என்று பதினான்கு பக்கத்துக்குத் திட்டம் தீட்டி, அதற்கு அட்டைப்படம் கூடப் போட்டு, பத்திரமாக வைத்திருப்பார்கள். எதில்? அதே சர்வரில்.

ஊரில் உள்ளவர்களைச் சொல்வானேன், என் அக்கா வீட்டுக்காரரே முதல் தரமான இருக்குசாமி. பல் டாக்டர். அக்காதான் வரவேற்பு மேசை. பின்னறையில், கருவிகளைக் கொதிக்க வைக்கும் ஸ்டெரிலைசருக்கு நேர் கீழே, கிளினிக்கின் சர்வர். நோயாளிகளின் வாய்க்குள் சின்னக் கேமராவை விட்டு எடுத்த பல் அளவுகள் எல்லாம் அதில்தான். அக்கா தினமும் கிளினிக்கைச் சாத்துவதற்கு முன்னால் கையகல ஹார்ட் டிஸ்க் பெட்டி ஒன்றைத் தன் மேசைக் கம்ப்யூட்டரில் செருகி, திரையில் இருக்கும் போல்டரை அதில் இழுத்துப் போட்டு, அன்றைய தேதியைப் பெயராக வைத்து, மூக்குக் கண்ணாடி துடைக்கும் துணியில் சுற்றி, இரும்பு அலமாரியில் பூட்டுவாள். மூன்று வருடமாக ஒரு நாள் தப்பியதில்லை.

"எவ்வளவு நேரம் ஆகுது அத்தான்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"ரெண்டே செகண்ட் மாப்ளே! நம்ம சிஸ்டம் அவ்ளோ ஸ்பீடு."

"திறந்து பாத்தீங்களா?"

"சந்தேகப் பிராணிடா நீ" என்று பெட்டியை அங்கேயே செருகி, போல்டரைத் தட்டினார். திறந்தது. யாரோ ஒருவருடைய தாடை திரையில் ஜம்மென்று சுழன்றது. நானும் தலையாட்டிவிட்டு, அக்கா கொடுத்த காபியைக் குடித்துவிட்டு வந்தேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு என்னையும் திட்ட வேண்டியிருக்கும்.

நாலு மாதத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் ஸ்டெரிலைசரின் குழாய் கழன்றது. கொதிநீர் முழுவதும் சர்வரின் தலையில், உள்ளே இருந்த டிஸ்க்கையும் விடவில்லை. நான் ஓடிப் போனபோது அத்தான் துளியும் கலங்காமல் நின்றார். "பதறாத. அதெல்லாம் இருக்கு." துணியைப் பிரித்துப் பெட்டியைக் கொடுத்தார். அக்காவின் மேசைக் கம்ப்யூட்டரில் செருகினேன். தொள்ளாயிரத்துச் சொச்சம் போல்டர்கள், ஒவ்வொன்றின் மூலையிலும் குட்டி அம்புக்குறி. எதைத் தட்டினாலும் ஒரே பதில்: சர்வரைக் காணவில்லை.

விஷயம் இதுதான். அக்கா தினமும் நகல் எடுத்தது போல்டரை அல்ல, அதன் ஷார்ட்கட்டை. வீட்டைப் பாதுகாப்பதாக நினைத்து விலாசச் சீட்டை லாக்கரில் வைத்த கதை. அன்று நாங்கள் திறந்து பார்த்தபோது சர்வர் உயிரோடு இருந்தது. விலாசம் சொன்ன வீடு அங்கேயே நின்றது. அதனால்தான் தாடை சுழன்றது. சர்வரை அணைத்துவிட்டுப் பார்க்க வேண்டும் என்று தொழில் தெரிந்த எனக்குத் தோன்றவில்லை. திட்டிக்கொள்ளுங்கள்.

அப்போது வெளியே ஒரு அம்மா காத்திருந்தார். பேருந்து நிலையத்துக் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த மேடையில் என்று இருபத்திரண்டு வருடமாக அறிவிக்கிறவர். பத்து நாள் முன்புதான் மிச்சமிருந்த ஆட்டம் கண்ட பற்களை எல்லாம் அத்தான் எடுத்திருந்தார். "பல்லு எப்படி இருந்தாலும் சரி டாக்டர், என் பேச்சு மட்டும் மாறக் கூடாது. அதுதான் என் வேலை" என்று அந்த அம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். பழைய வரிசையிலேயே பல்செட் கட்ட, எடுப்பதற்கு முன்பே அளவு பிடித்தாயிற்று. செட் கட்டுகிறவருக்கு ஏன் அனுப்பவில்லை? "ஈறு ஆறட்டும், எங்க போயிடப் போகுது?" என்று இருந்துவிட்டார் அத்தான்.

விவரம் சொன்னதும் அந்த அம்மா பொக்கை வாயை ஒருமுறை மூடித் திறந்தார்.

"பல்லைத்தான் பிடுங்கினீங்க. அளவையுமா டாக்டர்?"

அத்தான் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அவமானமாக இருந்தது. இல்லாத பல்லுக்கு மறுபடி அளவு எடுக்க எந்தக் கேமராவாலும் முடியாது.

கண்மதிப்பில் ஒரு செட் கட்ட வைத்தார் அத்தான். பார்க்க அழகாகத்தான் இருந்தது. வேலைக்குத் திரும்பிய முதல் நாள் அந்த அம்மா, "சிறப்புப் பேருந்து" என்று ஆரம்பித்ததும் ஒலிபெருக்கியில் நீளமாக ஒரு விசில் கிளம்பியது. வண்டியை எடுக்கச் சொல்கிறார்கள் என்று நினைத்து இரண்டு ஓட்டுநர்கள் பாதிப் பயணிகளோடு கிளம்பிவிட்டார்கள். மறுவாரமே அந்த அம்மாவைக் கூண்டிலிருந்து இறக்கி, தொலைந்த பொருட்கள் கவுண்டரில் உட்கார வைத்துவிட்டார்கள். செட்டை மூன்று முறை மாற்றியாயிற்று. விசில் குறைந்திருக்கிறது, மைக் திரும்பக் கிடைக்கவில்லை. அத்தான் இப்போதெல்லாம் அந்த நிலையத்துப் பக்கமே போவதில்லை, சுற்று வழியில் போகிறார்.

திருந்திவிட்டாரா என்கிறீர்களா? புதிதாக மூன்று பெட்டிகள் வாங்கியிருக்கிறார். "இப்ப மூணு மாப்ளே!" என்றார். வேறு கம்ப்யூட்டரில் செருகிப் பார்த்தீர்களா என்று கேட்டேன். "பாக்கணும்" என்றார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். குழந்தை முதல் அடி வைத்தது, அப்பா கடைசியாகப் பேசியது, வீட்டுப் பத்திரத்தின் படம், யார் யாருடைய எண்கள், எல்லாம் உங்களிடம் பத்திரமாகத்தான் இருக்கின்றன. இதை நீங்கள் படித்துக்கொண்டிருக்கும் அந்தப் போனில். கை ஈரமாக இருந்தால் முதலில் துடைத்துக்கொள்ளுங்கள்.